சிவப்புக் காரின் டக் டக்

"சத்தம் போகலீங்க அம்மிணி," என்றார் அங்கப்பன்.

தமயந்தி கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆக்சிலைக் கழட்டினீங்களா?"

"நேத்தே கழட்டினேன். கழுவினேன். மாட்டினேன். அப்படியேதான் இருக்குது."

"மறுபடி கழட்டுங்க."

கோயமுத்தூரில், நீலம்பூர் பக்கம் அந்த ஷெட். அங்கே தமயந்திதான் குரு, அங்கப்பன்தான் சீடர். குருவுக்கு வயசு கம்மி. சீடருக்கு மீசை முழுக்க நரை.

காலமெல்லாம் லாரிப் பட்டறையில் கிடந்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றவர் அவர். பட்டறைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், இந்த வயசில் இவருக்கு ரேஸ் கேட்கிறதாம் என்று. தமயந்தி சிரிக்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். வண்டியை யார் சரி பண்ணுகிறார்களோ, அவர்கள்தான் முதல் ரவுண்டு ஓட்ட வேண்டும்.

இப்போது நிற்பது ரெண்டே பேர் உட்காருகிற பழைய கார். மிளகாய்ப்பழச் சிவப்பு. எஞ்சின் பின்னால். அங்கப்பன் அதைச் சுற்றி வரும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், தொட்டுவிடுவோமோ என்று. இப்படி ஒன்றை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்று தூக்கத்தில்கூடப் புலம்புகிறாராம். அவர் சம்சாரமே வந்து சொல்லிவிட்டுப் போனது.

சாயங்காலம் சொந்தக்காரர் வருகிறார். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார். அப்புறம் இந்த மாதிரி வண்டி இந்தப் பக்கம் எப்போது வருமோ.

ஆனால் வண்டி நகர்ந்தால் பின்சக்கரத்துப் பக்கம் டக் டக் டக்.

அங்கப்பன் ஜாக்கி வைத்துத் தூக்கினார். போல்ட்டுத் தலைக் குழிகளில் அடைந்திருந்த கிரீஸை ஆணியால் நோண்டி எடுத்தார். இல்லாவிட்டால் போல்ட்டைக் கழற்றுகிற சாவி வழுக்கிவிடும். சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டுதான் ஆக்சில்; கழற்றியதும் இடது ஆக்சிலில் ஒரு சாக்பீஸ் குறி, வலதில் ஒரு குறி. எடுத்தது எடுத்த இடத்துக்கே போக வேண்டும். லாரிப் பட்டறையில் குட்டு வாங்கிக் கற்ற பாடம்.

ஆக்சில் நுனியிலிருந்த ஜாயிண்டைப் பிரித்தார். கிண்ணம் மாதிரி ஒன்று. அதற்குள் இரும்புக் குண்டுகள். குண்டு உருள்வதற்குப் பள்ளங்கள்.

"தேஞ்சு போச்சுங்க அம்மிணி. புதுசுதான் போடணும்."

புதுசு இந்த ஊரில் கிடையாது என்று அவருக்கே தெரியும். கடல் தாண்டி வர மாசக்கணக்கில் ஆகும்.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பள்ளத்துல விரலை வெச்சுப் பாருங்க."

"சொரசொரன்னு இருக்குதுங்க."

"அது ஒரு பக்கத்துச் சுவரு. எதிர்ச் சுவரு?"

விரலைத் திருப்பினார். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"இது நல்லாத்தான் இருக்குது. அது போச்சுங்களே."

அவள் எழுந்து போய்விட்டாள்.

அங்கப்பன் பெருமூச்சு விட்டார். புது கிரீஸ் அடைத்து, குண்டுகளைப் போட்டு, ரப்பர் உறையை இழுத்துவிட்டு, ரெண்டு ஆக்சிலையும் மாட்டத் தயாராகச் சாக்கில் கிடத்தினார். அதற்குள் தமயந்தி ஒரு ஈரத்துணியோடு வந்தாள். ரெண்டு சாக்பீஸ் குறியையும் அழுத்தித் துடைத்தாள். ரெண்டையும் உருட்டிவிட்டாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க அம்மிணி இது. ரெண்டும் ஒரே நீளம், ஒரே அச்சு. எது எந்தப் பக்கத்துதுன்னு இனி எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

"எடுத்த எடத்துல மாட்ட வேண்டாமா?"

"நேத்து அப்படித்தான மாட்டினீங்க."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அங்கப்பன் ஒரு ஆக்சிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சக்கரம் முன்னால் போகும்போது சுற்றுகிற மாதிரி சும்மா சுற்றிப் பார்த்தார். ரப்பர் உறையை விலக்கி விரலைவிட்டார். சொரசொரப்பான சுவர். மறுபடி சுற்றினார்.

முன்னால் போகப் போக இந்தச் சுவர்தான் தள்ளுகிறது. இத்தனை வருஷமும் இதுதான் தள்ளியிருக்கிறது. எதிர்ச் சுவர் சும்மாவே இருந்திருக்கிறது.

இடது பக்கத்தில் தேய்ந்தது ஒரு சுவர். வலது பக்கத்தில் அதற்கு எதிர்ச் சுவர். அப்படியென்றால் இதை அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டினால், தேயாத சுவரல்லவா தள்ளும்...

எழுந்த வேகத்தில் மட்கார்டில் தலை இடித்தது. அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. விரலால் தடவியே எது எந்தப் பக்கத்தது என்று பிரித்தார். இடதை வலதில் கொடுத்தார். வலதை இடதில் கொடுத்தார். போல்ட்டுகளை முறுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. என்னமோ முனகிக்கொண்டே இருந்தார், பாட்டு மாதிரியும் இருந்தது, திட்டு மாதிரியும் இருந்தது.

வாசலில் லாரி வந்து நின்றது. வண்டி ரெடியா என்று சொந்தக்காரர் அங்கிருந்தே கேட்டார்.

தமயந்தி வண்டிச் சாவியை எடுத்தாள். அங்கப்பனிடம் நீட்டினாள்.

அங்கப்பன் கையைச் சட்டையில் துடைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தார்.

கிளம்பியது. சத்தமே இல்லை. எஞ்சின் உறுமல் மட்டும்தான். ஷெட்டைத் தாண்டி, லாரியைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் சிவப்பாக ஒரு கோடு. திரும்பி வந்தபோது நரைத்த மீசை காற்றில் கலைந்து, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

லாரிக்கு நேராக நிறுத்தலாம் என்று ரிவர்ஸ் போட்டார்.

டக் டக் டக்.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. சிரிப்பு போய்விட்டது.

"அம்மிணி, வந்துருச்சுங்க."

"பின்னால போனா அந்தத் தேஞ்ச சுவருதான தாங்கணும். வரத்தான் செய்யும்."

"அதுக்கு என்னங்க பண்றது?"

தமயந்தி சொந்தக்காரரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினாள்.

"முன்னால ஓட்டுங்கண்ணா."