பானெட்டில் இருந்த பொட்டு

கோவையில் பிலோமினாவின் பட்டறைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் வரும். அவளிடம் வேலை பழகிய சென்னியப்பனுக்கு அவளைவிட வயது அதிகம். மில் மூடியபின் வந்து சேர்ந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

ஒரு நாள் காலை சென்னியப்பன் கேட்டார்.

"மாஸ்டர், தகரத்துல கட்டரை வெச்சாலே நெஞ்சு படபடங்குதுங்க. இந்தப் பயம் எப்பங்க போகும்?"

"மொதல்ல வந்த வண்டியப் பாப்போமுங்கண்ணா" என்றாள் பிலோமினா.

வந்திருந்தது தாமோதரனின் வெள்ளைக் கார். மலையேறினால் இன்ஜின் திணறுகிறதாம். இன்ஜினை மூடும் பானெட்டில் ஓட்டை போட்டு, மேலே காற்று உள்ளே போவதற்கு ஒரு ஃபைபர் ஸ்கூப் பொருத்த வேண்டும். ஸ்கூப்பை அவரே வாங்கி வந்திருந்தார்.

"பார்த்து வெட்டுங்க. இந்த பானெட் போச்சுன்னா வேற கெடையாது. தேடாத எடமில்ல" என்றார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் போனார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பானெட்டுக்கு அடியில், இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பிலோமினா அளந்து, அதற்கு நேர் மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டைச் சுற்றி வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"குறி வெச்சுடறேன். நீங்க டீ குடிச்சுட்டு வந்து, பொட்டச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுங்க" என்றாள்.

சென்னியப்பன் திரும்பி வந்தபோது பானெட்டின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. மாஸ்டரைக் காணோம். அவர் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு கட்டரை எடுத்தார்.

வெட்டிய துண்டு கையோடு வந்தது. விரலில் சிவப்பு ஒட்டியது. பெயின்ட் காயவில்லையோ என்று துடைத்தார். பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். குங்குமம்.

தாமோதரன் வண்டியைக் கோயிலில் பூஜை போட்டு, நேராக ஓட்டி வந்திருக்கிறார். ஐயர் வழக்கம்போல நட்டநடுவில் பொட்டு வைத்திருக்கிறார். ஃபில்டரோ வலது பக்கம் நாலு விரல் தள்ளி இருந்தது.

சென்னியப்பனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. வெட்டிய தகரத்தை எங்கே போய் ஒட்டுவது? இத்தனை வயதுக்குமேல் வேலை கற்க வந்து, ஒரு மனிதனின் வண்டியைக் கெடுத்துவிட்டோமே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குறி வைக்குமுன் போன் வந்து பின்பக்கம் பேசிக்கொண்டிருந்த பிலோமினா, பெயின்ட் டப்பாவோடு வந்தாள்.

"என்னங்கண்ணா?"

"கெடுத்துட்டேன் மாஸ்டர். குங்குமத்த உங்க பொட்டுன்னு நெனச்சுட்டேன்."

"சர்ச்சுக்குப் போறவ குங்குமம் வெப்பனாண்ணா?" என்றாள். ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பில்லை. ஓட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"உள்ளங்கை அகலம்னு சொன்னனே. இது எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான இருக்கு?"

"பயமா இருந்துச்சுங்க. கொஞ்சமா வெட்டிப் பார்த்துட்டு, அப்பறம் பெருசு பண்ணிக்கலாம்னு…"

அவள் ஸ்கூப்பை எடுத்து, ஃபில்டருக்கு நேராக பானெட்டின்மேல் வைத்தாள். அதன் அகலமான அடிப்பாகம் அந்தத் தவறான ஓட்டையை முழுதாக மூடிக்கொண்டது. வெளியில் நூலளவுகூடத் தெரியவில்லை. சொன்ன அளவுக்கு வெட்டியிருந்தால் ஓட்டையின் ஓரம் வெளியே நின்றிருக்கும்.

சென்னியப்பன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு பட்டறை முழுக்கக் கேட்டது.

சின்ன ஓட்டைக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்தார்கள். சரியான ஓட்டையையும் சென்னியப்பனையே வெட்ட வைத்தாள். ஸ்கூப் உட்கார்ந்தது.

சாயங்காலம் தாமோதரன் வந்ததும் பிலோமினா மறைக்காமல் சொன்னாள்.

"ஒரு வெட்டு தப்பா விழுந்துடுச்சுங்க. அடைச்சாச்சு, ஸ்கூப்புக்கு அடியில இருக்கு. வெளிய தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

தாமோதரனின் முகம் சுருங்கியது. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் ஸ்கூப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். குங்குமக் கதையைக் கேட்டபிறகுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் துடைச்சுட்டுக் கொண்டு வந்திருக்கணுமுங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் சீராக மூச்சு விட்டது.

வண்டி தெரு திரும்பும்வரை சென்னியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"மாஸ்டர், காலைல ஒண்ணு கேட்டேனுங்க. நீங்க பதிலே சொல்லல."

பிலோமினா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.

"நாளைக்கு இன்னொரு பானெட் வருது. இதே மாதிரி பயந்துட்டே வாங்கண்ணா."