இரட்டை வால் காசு

ஒரு காட்டில் காசு புழங்கியது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. ஒரு பக்கத்தில் சிங்கராஜா நின்றுகொண்டிருப்பார்.

காசுக்கு அச்சு வெட்டியது மரங்கொத்தி. வாலைக் கொத்தும்போது அதற்குத் தும்மல் வந்தது. அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் மரங்கொத்தி வாலை மறுபடியும் கொத்தியது. அந்த அச்சில் அடித்த காசுகளில் எல்லாம் ராஜாவுக்கு இரண்டு வால்.

ராஜாவுக்கு இது பிடிக்கவில்லை. காடெங்கும் தண்டோரா போட்டார்.

"இரட்டை வால் காசைக் கொண்டுவந்து கொடுத்தால் மலைமேல் ஒரு குகை உண்டு. போலியைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவர் வால் எனக்கு."

போலி எப்படி வரும் என்கிறீர்களா? செம்புப் பூச்சு மட்டமானது. வெயிலில் கிடந்தால் கொப்புளம் கிளம்பும். வாலை ஒட்டிக் கொப்புளம் கிளம்பினால் அதுவும் இன்னொரு வால் மாதிரியே தெரியும்.

ஆற்றங்கரை வளையில் ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. போன மழையில் மூன்றாவது குட்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதனால் முள்ளம்பன்றிக்குக் குகை வேண்டும். மிகவும் வேண்டும்.

ஒருநாள் மண்ணைத் தோண்டும்போது அதற்கு ஒரு காசு கிடைத்தது. ராஜாவுக்கு இரண்டு வால் இருந்தன. எதையும் அதிகம் யோசிக்காத முள்ளம்பன்றி, எல்லாம் தெரிந்த மரநாயிடம் அதை எடுத்துப் போனது.

மரநாயிடம் ஏற்கெனவே ஓர் இரட்டை வால் காசு இருந்தது. அதை அது சோதித்ததில்லை. தன்னுடைய காசு போலியாக இருக்கும் என்று அதற்குத் தோன்றியதே இல்லை. இன்னொரு குகை கிடைத்தால் வாடகைக்கு விடலாம் என்று நினைத்தது.

"ஐயோ தங்கச்சி, இது வெறும் கொப்புளம்! ராஜாவிடம் போனால் உன் வால் போய்விடும். காசை என்னிடம் கொடுத்துவிட்டு இந்தக் கிழங்கை எடுத்துக்கொள்" என்றது மரநாய்.

"கொப்புளம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே?"

யாராவது விளக்கம் கேட்டுவிட்டால் மரநாயால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"கொப்புளத்துக்குள் வெறும் காற்றுதான். குத்தினால் அமுங்கிவிடும். அச்சிலேயே விழுந்த வால் என்றால் காசின் உடம்போடு சேர்ந்தது. எவ்வளவு அழுத்தினாலும் அப்படியே நிற்கும்."

முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி அழுத்தியது. வால் அப்படியே நின்றது.

"அமுங்கவில்லையே அண்ணே."

"உன் முள் மொட்டை."

முள்ளம்பன்றியிடம் முள்ளுக்கா பஞ்சம்? வேறொன்றைப் பிடுங்கி அழுத்தியது. அப்போதும் வால் நின்றது. மரநாய் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"உங்கள் காசையும் ஒரு தடவை குத்திப் பார்க்கட்டுமா அண்ணே?"

"என் காசையா? இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!"

"அதுவும் சரிதான்" என்று முள்ளம்பன்றி போய்விட்டது.

மறுநாள் இருவரும் ராஜா முன்னால் நின்றார்கள். ராஜா இரண்டு காசையும் நகத்தால் அழுத்தினார். முள்ளம்பன்றியின் காசில் இரண்டு வாலும் நின்றன. மரநாயின் காசில் ஒரு வால் சப்பென்று அமுங்கியது. பூச்சு கிழிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் துத்தநாகம் தெரிந்தது.

ராஜா சொன்ன சொல் தவறாதவர்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மரநாய் நனைந்தபடி மலைக்குகை வாசலில் வந்து நின்றது.

"தங்கச்சி, உள்ளே எனக்கு இடம் இருக்குமா?"

முள்ளம்பன்றி அதை முன்னும் பின்னும் பார்த்தது. குட்டிகளைக் கொஞ்சம் நகரச் சொன்னது.

"வாருங்கள் அண்ணே. இப்போது உங்களுக்குக் கொஞ்ச இடம் போதுமே."

நீதி: அடுத்தவர் பொருளுக்குச் சொல்லும் சோதனையை முதலில் உன் பொருளில் செய்து பார்.