எரியாத வயல்

பச்சை மக்காச்சோளம் எரியும்போது, தூரத்தில் கூட்டமாக யாரோ சிரிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். தலை நரைத்த பிறகும் சலோலியின் காதில் அது இருந்தது.

அந்தக் கோடையில் ஆங்கிலேயப் படை, அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கியரின் மலை ஊர்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டு போனது. சலோலியின் தம்பி டோயா ஆற்றுத்துறையில் குண்டடிபட்டுச் செத்தான். காலில் காயத்தோடு பின்தங்கிய ஒரு சிப்பாய் ஊராரிடம் அகப்பட்டான். பெயர் யூவன். அவன் நாட்டு மலைக்காரர்களைப்போல் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தான். முன்பு அருகிலிருந்த கோட்டையில் காவல் இருந்தவன்; அவர்கள் பேச்சு கொஞ்சம் வரும்.

குல வழக்கப்படி தீர்ப்பு தமக்கையுடையது. தம்பிக்கு ஈடாக அவனைக் கொல்லலாம். தம்பியின் இடத்தில் வீட்டில் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம்.

சலோலி அவனை இழுத்துக்கொண்டு, தனக்கு வைத்தியம் கற்றுத்தந்த கமாமாவிடம் வந்தாள். கையில் கோடரி.

"அம்மா, இவனைக் கொன்றால் என் தம்பி நிம்மதியாகப் போவானா?"

கமாமா வயலில் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு மணிகூடத் தேறவில்லை.

"ஏனப்பா பாவாடைக்காரா, தீ வைத்தது நீதானே?"

"நானும்தான்."

"அப்படியானால் எங்கே எரியவில்லை என்று உனக்குத்தான் தெரியும். காட்டு."

அவன் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தான். ஆற்று வளைவுக்கு அப்பால், நாணல் மறைவில், ஒரு சிறு வயல் பச்சையாக நின்றது.

"ஏன் விட்டாய்? இரக்கமா?" என்றாள் சலோலி.

அவன் யோசித்தான்.

"இல்லை. விடிந்ததிலிருந்து கொளுத்திக்கொண்டே இருந்தோம். கை ஓய்ந்துவிட்டது. எரித்தாயிற்று என்று தலைவனிடம் சொல்லிவிட்டேன்."

"கேட்டீர்களா அம்மா? சோம்பேறி! இரக்கம்கூட இல்லை."

கமாமா ஒரு கதிரை ஒடித்துத் தோகையை உரித்தாள். பால் பிடித்திருந்தது.

"இல்லைதான். ஆனாலும் குழந்தைகள் சாப்பிடுவார்கள். ஒடியுங்கள். பாதியை முற்ற விடுங்கள், விதைக்கு."

மூவரும் ஒடித்தார்கள். வெயில் சாய்ந்தபோது சலோலி கோடரியைத் தேடினாள். எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் இவனை மன்னிக்கவில்லை. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான்."

"இந்த வயலுக்கு அது போதுமாக இருந்தது," என்றாள் கமாமா.

யூவன் அந்த வீட்டிலேயே இருந்து, பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் இறந்தான். டோயா என்ற பெயரில்தான் அவனைப் புதைத்தார்கள்.