எம்.டி. மாப்பிள்ளை

சோளக்குழி என்று ஓர் ஊர். அங்கே புத்திசாலிகளே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தவர்கள் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

சடையாண்டியின் மகள் பூங்கோதையைப் பெண் பார்க்க வருவதாகத் தரகர் போனில் சொன்னார். மாப்பிள்ளை பெயர் எம்.டி. கதிரேசன். பூங்கோதை அவனைத் தேர்த்திருவிழாவிலேயே பார்த்துப் பேசி, கட்டினால் இவனைத்தான் என்று இருந்தாள். அப்பாவுக்குத்தான் அந்த எம்.டி. தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. உடனே ஊரின் பெரிய மூளைகள் மூன்றைக் கூட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசல் பெருக்கும் வெள்ளைச்சாமி, எம்.டி. என்றால் பெரிய டாக்டர் என்றார். மில் வாட்ச்மேன் சித்திரன், இல்லை, கம்பெனி முதலாளி என்றார். கேஸ் சிலிண்டர் போடும் மூக்கையாவுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று.

"எங்க தொழில்ல எம்டின்னா காலிங்க. உள்ள ஒண்ணும் இருக்காது."

சடையாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளையை மூன்று விதமாகவும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கதிரேசன் வந்து உட்கார்ந்ததும் வெள்ளைச்சாமி நாக்கை நீட்டிக் காட்டினார். வெற்றிலை போடுவீங்களா என்று கேட்டான் பாவம். சித்திரன் சல்யூட் அடித்துச் சம்பளம் கூட்டித் தரச் சொன்னார். என்னிடம் ஏதுங்க என்றான். முதலாளியும் அதையேதான் சொல்வார் என்பதால் சித்திரனுக்கு நம்பிக்கை பிறந்தது. மூக்கையா அவனை இடுப்போடு கட்டித் தூக்கி, லேசாக ஆட்டிப் பார்த்து இறக்கினார்.

"காலி இல்லை. நல்ல கனம்."

பூங்கோதைக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான் கதிரேசன். அது இனிஷியல்தான், எம் என்றால் தாத்தா மாயாண்டி, டி என்றால் அப்பா துரைராசு என்று விளக்கினான். நால்வரும் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பினார்கள்.

"தம்பி, உங்க பேர்ல மூணு பேர் இருக்கீங்க. எங்கிட்ட பொண்ணு ஒண்ணுதான்," என்றார் சடையாண்டி.

"முதல் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு மாமா," என்றான் அவன் அவசரமாக.

சடையாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஏற்கெனவே ரெண்டு கல்யாணமா? எம்மகளை மூணாந்தாரமாவா கேட்டு வந்தீங்க?"

கல்யாணம் நின்றே போயிருக்கும். நல்லவேளை, பூங்கோதை வெளியே வந்தாள். அப்பாவிடம் அப்பா பாஷையில்தான் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த ரெண்டு பேரையும் பேர்லேருந்து இறக்கி விட்டுடச் சொல்லுங்கப்பா."

இதைவிட நியாயம் உண்டா? பத்திரிகையில் மணமகன் வெறும் கதிரேசன் ஆனான். இறக்கிவிட்டவர்களை அப்படியே தெருவில் விடுவது மரியாதையில்லை என்று, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் எம், டி என்று அச்சடித்தார்கள்.

முகூர்த்தம் ஜோராக முடிந்தது. பந்திதான் ஆரம்பிக்கவில்லை. பத்திரிகையில் பேர் போட்டு அழைத்த இருவரும் வராமல் எப்படிச் சாப்பிடுவது என்று ஊரே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பசி தாங்காமல் மாப்பிள்ளையின் தாத்தா மாயாண்டி எழுந்து போய் இலை கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, எம் வந்துடட்டும்," என்று சடையாண்டி அவரைத் திரும்ப உட்காரவைத்துவிட்டார்.