மட்டியூரில் பாரிஸ்டர் ஓட்டுக் கேட்ட கதை

அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வரி கட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஓட்டு. மட்டியூரில் வரி கட்டியவர்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் ஓட்டு வீட்டுக்காரர்கள். மற்றவர்களுக்குக் கூட்டத்தில் நின்று கைதட்டும் உரிமை தாராளமாக இருந்தது.

பாரிஸ்டர் தணிகாசலம் ஏற்கனவே இரண்டு தேர்தலில் தோற்றவர். மூன்றாவதிலும் தோற்றால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. மற்ற ஊர்களில் அவரும் எதிராளியும் ஏறக்குறைய சமம். ஆகவே மட்டியூரின் பதினெட்டு ஓட்டுதான் அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

சீமையில் படித்தபோது அங்கே தேர்தல் கூட்டங்களைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி குதிரை வண்டிமேல் ஏறி நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கினார். குதிரை நகர்ந்தபோதெல்லாம் பேச்சும் நகர்ந்தது. மட்டியூரார் மரியாதை தெரிந்தவர்கள், பின்னாலேயே நடந்தார்கள். வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

பேச்சை முடித்ததும், சீமையில் கூட்டத்தார் குறுக்கே கேள்வி கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள் என்றார் பாரிஸ்டர். ஒச்சப்பன் உடனே வண்டிக்குக் குறுக்கே போய் நின்றான்.

"எங்க ஓட்டை வாங்கி என்னங்க செய்வீங்க?"

"சட்டசபைக்குக் கொண்டு போவேன். உங்க ஓட்டு இல்லேன்னா அந்தச் சபையே கிடையாது, தெரிஞ்சுக்கோ."

"எத்தனை வேணுங்க?"

"ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டு போட்டா சட்ட விரோதம்."

அன்று மாலையே ஊர் கூடி யோசித்தது. இவ்வளவு பெரிய சபைக்குக் கூரை இல்லாமல் போனதில் எல்லாருக்கும் வருத்தம். மழைக்காலத்தில் எப்படித்தான் சட்டம் போடுகிறார்களோ என்று மொக்கையன் கண் கலங்கினான். பதினெட்டு ஓடு எந்த மூலைக்குப் போதும் என்று ஒருவன் கேட்டான். "ஊருக்கு ஊர் இப்படித்தானே கேட்டுக்கிட்டுப் போறாரு, சேர்ந்திடும்" என்று ஒச்சப்பன் தீர்த்து வைத்தான்.

தேர்தலன்று ஆளுக்கு ஓர் ஓட்டைப் பிரித்துக்கொண்டு பதினெட்டுப் பேரும் சாவடிக்கு வந்தார்கள். அதிகாரி தூக்கக் கலக்கத்தில் ஆளுக்கு ஒரு சீட்டை நீட்டி, உள்ளே பெட்டியில் போடு என்றார். உள்ளே போனால் பெட்டியின் வாய் விரல்கடை அகலம். ஓட்டை நெடுக்காக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பெட்டியைச் செய்த தச்சன் ஓட்டைக் கண்ணால் பார்த்ததில்லை என்று மொக்கையனுக்குக் கோபம் வந்துவிட்டது.

வெளியே பாரிஸ்டரின் வண்டி நின்றது. அவரோ வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நேரே வண்டியிலேயே ஏற்றிவிட்டால் ஆயிற்று. பலகைக்கு அடியில் வைக்கோல் பரப்பி மொக்கையன் அடுக்கினான். ஓடு ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுநடுவே என்ன வைப்பது என்று யோசித்தார்கள். நல்லவேளை, கையில் சீட்டு இருந்தது.

பாரிஸ்டர் வந்தார். எல்லாரும் எனக்குப் போட்டாச்சா என்று கேட்டார். பத்திரமாகப் போட்டாச்சு என்றார்கள். அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. குதிரைதான் என்னவோ அன்று மெதுவாகப் போனது.

பதினேழு ஓட்டில் தோற்றார் பாரிஸ்டர்.

செய்தி வந்த மறுநாளே அதே வண்டியில் மட்டியூருக்குப் பறந்து வந்தார். தொப்பி எங்கே விழுந்ததோ தெரியாது.

"பாவிகளா, உங்களை நம்பி மோசம் போனேனே. இந்த ஊர்ல எனக்கு ஒரு ஓட்டுக்கூட விழல."

மட்டியூரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகமெல்லாம் மலர்ந்தது. ஒச்சப்பன் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி, வைக்கோலை விலக்கி எண்ணினான். பதினெட்டும் கீறல் விழாமல், சீட்டும் கசங்காமல் அப்படியே இருந்தன. பாரிஸ்டரும் எட்டிப் பார்த்தார்; பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவு மேடு பள்ளத்துல போயும் ஒண்ணுகூட விழலையாம்" என்று ஒச்சப்பன் மொக்கையன் முதுகில் தட்டினான்.

மொக்கையனுக்குக் கூச்சமாகிவிட்டது. "என் அடுக்குல என்னங்க இருக்கு, எல்லாம் அந்தக் காகிதம் செஞ்ச வேலை. அடுத்த தேர்தலுக்கு ஆளுக்கு ரெண்டாக் குடுக்கச் சொல்லுங்க" என்றான்.