காற்றில்லாமல் அசைந்த நீர்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது, முயல் இருந்தது என்று எத்தனையோ கதைகள் கேட்டிருப்பீர்கள், குழந்தைகளே. அந்தக் காடுகளில் எல்லாம் சருகுமானும் இருந்தாள். முயலைவிடச் சற்றே பெரியவள், கொம்பில்லாதவள், காய்ந்த இலைகளுக்குள் இன்னொரு காய்ந்த இலையைப் போலப் படுத்திருப்பவள். கதை சொல்பவர்கள் அவளைத் தாண்டித்தான் சிங்கத்தைப் பார்க்கப் போனார்கள். இது அவளுடைய கதை.

அவள் வாழ்ந்த காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்று. பொழுது சாயும் வேளையில் விலங்குகள் அங்கே நீர் குடிக்க வரும். அப்போது கரையிலிருந்த மருதமரத்தில் அமர்ந்து செம்போத்து நீர்மறையை ஓதுவார். காடு பிறந்த விதம், முதல் மழை வழிதவறி வந்த விதம், மீனுக்கும் தவளைக்கும் பாகப்பிரிவினை நடந்த விதம் என அந்த மறையில் பல பாட்டுகள். பாட்டு எதுவானாலும் அதன் முடிவில் ஒரே வரி வரும்:

"காற்றில்லாமல் நீர் அசைந்தால், காலைப் பின்னே வை."

யார் முதலில் குடிப்பது என்பதற்குக் கொம்பின் அளவே முறை. காட்டெருமைகள் முதலில், பிறகு கடமான்கள், அதன் பிறகு புள்ளிமான்கள். கொம்பில்லாதவர்கள் கடைசி. ஒரு கூட்டம் குடித்து முடிக்க ஒரு பாட்டு. தன் முறை வரும்வரை மற்றவர்கள் மேட்டுக்கு அப்பால், முட்புதருக்குப் பின்னால் நிற்க வேண்டும். மறையின் ஒலி அங்கே எட்டாது. குடித்து முடித்த கொம்புக்காரர்களோ மர நிழலில் படுத்து, அசைபோட்டபடி, கடைசிப் பாட்டுவரை கேட்பார்கள். கேட்டுப் புண்ணியம் சேர்ப்பதாக அவர்களுக்கு நினைப்பு.

அந்தக் குளத்தில் ஒரு முதலையும் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எந்த விலங்கையும் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே அதற்குப் பல் போய்விட்டது என்று காடு முடிவு செய்தது. வாயைத் திறக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. குளம் சுருங்கியது, மீனும் குறைந்தது. ஒரு நண்பகலில் முதலை மருதமரத்தடிக்கு வந்து செம்போத்தை நலம் விசாரித்தது. அவருடைய குரலைப் புகழ்ந்தது. செம்மண் நிறச் சிறகைப் புகழ்ந்தது. அக்கம்பக்கத்துக் காடுகளில் இப்படி ஓத ஆளில்லை என்று வருந்தியது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"ஒரே ஒரு குறை, ஓதுவாரே. சொன்னால் கோபிக்கக் கூடாது."

"சொல்லும்."

"அந்த வரி. முதல் பாட்டில் கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது. அடுத்த பாட்டிலும் அதுவே, அதற்கடுத்த பாட்டிலும் அதுவே என்றால் எப்படி? நேற்று காட்டெருமைத் தலைவர் கொட்டாவி விட்டதை நீங்களும் பார்த்தீர்கள். மந்தபுத்திக்காரர்களுக்குப் பாடம் சொல்பவர் போல உங்களை நடத்துகிறது அந்த வரி. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை."

செம்போத்து சிறகை விரித்து மடக்கிக்கொண்டார். அவரும் அதையேதான் நெடுநாளாக நினைத்திருந்தார். கற்றவனைக் கவிழ்க்கப் பெரிய பொய் எதுவும் தேவையில்லை. அவன் மனத்தில் இருப்பதை இன்னொருவர் வாயால் கேட்கச் செய்தால் போதும்.

அன்று மாலையே அவர் காட்டெருமைகளிடம் செய்தியைச் சொன்னார். அந்த வரி இனி முதல் பாட்டின் முடிவில் மட்டும் வரும் என்றார். மறை கச்சிதமாகும், பொருள் துலங்கும். கொம்புக்காரர்கள் தலையசைத்தார்கள். இந்தக் காட்டில் அந்த வரி தெரியாதவர் யார் என்று தலைவர் கேட்டார். முட்புதருக்குப் பின்னால் போய் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சருகுமான் தன் முறை வந்தபோது இறங்கி வந்து நீரில் வாய் வைத்தாள். கடைசிப் பாட்டு முடிந்தது. எப்போதும் போலக் காலைப் பின்னே எடுக்கப் போனவள், அப்படியே நின்றாள். வரி வரவில்லை.

"ஐயா, பாட்டு முடியவில்லையே," என்று மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"முடிந்துவிட்டது. அந்த வரியை முதல் பாட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன்."

"முதல் பாட்டின்போது நான் முள்ளுக்குப் பின்னால் நிற்கிறேன்."

"அது உன் முறை. அதற்கு மறை பொறுப்பாகுமா? உனக்குத் தெரிந்த வரிதானே?"

தனக்குத் தெரியும் என்றும், தன் குட்டி நாளை முதன்முறையாகக் குளத்திற்கு வரப்போகிறது என்றும் அவள் சொன்னாள். மடியில் பால் வற்றிவிட்டது. இனி அந்தக் குட்டி பிழைக்க வேண்டுமானால் இந்த நீரைத்தான் குடிக்க வேண்டும்.

"அப்படியானால் படுக்கையிலேயே சொல்லிக் கொடு," என்றார் செம்போத்து.

நிழலில் படுத்திருந்த தலைவர் சிரித்தார். "ஒற்றைப் பாட்டுக் கேட்கிறவள் மறையைத் திருத்த வந்துவிட்டாள், பாருங்கள்."

"ஒற்றைப் பாட்டுக் கேட்கிறவளுக்குத்தான், தலைவரே, அந்தப் பாட்டிலேயே அந்த வரி இருக்க வேண்டும்," என்றாள் சருகுமான். "எல்லாப் பாட்டும் கேட்கிற உங்களுக்கு அது எங்கே இருந்தால் என்ன?"

இருட்டப் போகிறது, கூடு திரும்ப வேண்டும் என்று சொல்லிச் செம்போத்து பறந்து போனார். குளத்தின் நடுவே நீருக்கு மேல் தெரிந்த இரண்டு கண் முடிச்சுகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெல்ல அமிழ்ந்தன.

சருகுமான் தன் குட்டிக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தாள். குட்டி உடனே பிடித்துக்கொண்டது. ஒப்பித்தது, தலைகீழாகக் கேட்டாலும் ஒப்பித்தது. நீர் எப்போது அசையும், கால் எங்கே போக வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பிழையில்லாமல் பதில் சொன்னது. "இவ்வளவுதானா, அம்மா?" என்றும் கேட்டது. இவ்வளவுதான் என்று சொன்ன பிறகும் அவளுக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வெயில் நிலத்தைப் பிளந்தது. மாலையில் தாயும் குட்டியும் முட்புதருக்குப் பின்னால் நின்றார்கள். காட்டெருமைகள் போயின. கடமான்கள் போயின. குட்டியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈர மண்ணின் வாசனை மட்டும் மேட்டைத் தாண்டி வந்து அதை இழுத்தது. புள்ளிமான்கள் அன்று நெடுநேரம் குடித்தன.

முறை வந்ததும் குட்டி ஓடியது. தாய் கூப்பிட்டது அதன் காதில் விழவில்லை. கணுக்கால்வரை நீரில் இறங்கி முகத்தைப் புதைத்தது. படுக்கையில் தெரிந்திருந்த எதுவும் இப்போது அதற்குத் தெரியவில்லை. தாகத்திற்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், குழந்தைகளே: தாய்க்கும் அப்படித்தான். அவளும் குட்டியின் அருகே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மரத்தின் மேல் செம்போத்து கடைசிப் பாட்டை ஓதிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவள் நீரில் ஒரு சுருக்கத்தைக் கண்டாள். கோரைப்புல்லின் நுனி அசையவில்லை. மருத இலை அசையவில்லை. நீர் மட்டும் மடிந்து மடிந்து, மெதுவாக, கரையை நோக்கி வந்தது. இதைப் பற்றி ஏதோ ஒன்று இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று நினைவுக்கு வரவில்லை. குட்டி இன்னும் ஓரடி உள்ளே போனது.

பாட்டு முடிந்தது. வரி இருந்த இடத்தில் வெறுமை நின்றது.

எத்தனையோ கோடைகளாக அந்த இடத்தில் அந்த வரியைக் கேட்டுப் பழகியவள் அவள். அந்த வெறுமையை அவள் வாய் தாங்கவில்லை. அவள் நினைக்கும் முன்பே அது சொல்லிவிட்டது:

"காற்றில்லாமல் நீர் அசைந்தால், காலைப் பின்னே வை."

குட்டியின் கால்கள் பின்னே துள்ளின. ஏன் என்று அது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்று இருக்காது. அது நின்றிருந்த இடத்தில் நீர் பிளந்தது. முதலையின் வாய் நிறையப் பல் இருந்ததைக் காடு அப்போது பார்த்தது.

குட்டியைத் தலையால் முட்டிக் கரையேற்றிய தாய் திரும்புவதற்குள் தாடைகள் அவளுடைய பின்னங்காலில் மூடின. சருகுமானின் கால் சுள்ளி போன்றது. முதலை இழுத்த வேகத்தில் அது முறிந்து அதன் வாயோடு போயிற்று. மீதி உடலோடு அவள் கரையில் கிடந்தாள். கொம்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் அருகில் வரவில்லை.

மறுநாள் எல்லாப் பாட்டின் முடிவிலும் அந்த வரி இருந்தது. அதை நீக்கியது காட்டின் கவனத்தைச் சோதிப்பதற்காகவே என்று செம்போத்து விளக்கம் சொன்னார். கொம்புக்காரர்கள் அதை நம்பினார்கள். பிறகு கொட்டாவி விட்டார்கள். முதலைக்கு மறுபடியும் மீன்தான். சருகுமானின் குட்டி, முயல்களோடு சேர்ந்து கடைசி முறையில் வந்தது. வரி காதில் விழும்போதெல்லாம் காலைப் பின்னே வைத்தது.

சருகுமான் அதன் பின் குளத்திற்கு வரவில்லை. மேட்டை ஏறி இறங்க மூன்று கால்கள் போதவில்லை. ஒரு பாறைக்குழியில் தேங்கியிருந்த நீரைக் குடித்து உயிர் வைத்திருந்தாள். மழைக்கு முன்பே அந்தக் குழி வற்றியது. அவள் இறந்துபோனாள்.

நீதி: கற்பதற்கு ஒருமுறை சொன்னால் போதும்; காப்பதற்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மறைகள் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்கே.