நாலு டிராயரும் சம்பந்தியின் பாட்டும்

தென்காசிப் பக்கம் ஆவுடை, குற்றாலம், சுடலை, இசக்கி என்று நாலு அண்ணன் தம்பிகள். சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற பிள்ளைகள். ஊருக்கு அதுதான் பயம்.

தங்கை பிரமுவின் கல்யாண வீடியோவைப் பத்திரமாக வைக்க, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சித்தி மகன் கைலாசம் வீட்டிலேயே சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்துக் கொடுத்தான். முன்பக்கம் நாலு டிராயர். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு குட்டி விளக்கு. ஆளுக்கொரு டிராயர் என்று பங்கு பிரித்துச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது கைலாசம் படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணே, சிவப்பு விளக்கு எரிஞ்சா அந்த டிஸ்க் போச்சுன்னு அர்த்தம். மெஷினை நிறுத்தாமலே உருவிட்டுப் புதுசைச் சொருகிரலாம். மத்த மூணும் சேந்து அதுக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துரும். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் உருவணும். சொருகின புதுசை ஆறு மணி நேரம் அசைக்கக் கூடாது. பொறவு, தூசி ஆகவே ஆகாது."

நாலு பேரும் ஒப்பித்துக் காட்டினார்கள். பாவம், நம்பிப் போனான்.

அந்த வீடியோவில்தான் பிரமுவின் நிம்மதி இருந்தது. அவள் மாமனார் பூதலிங்கம், சொந்தமாகக் கட்டிய வாழ்த்துப் பாட்டை மேடையில் இருபத்திரண்டு நிமிஷம் பாடியிருந்தார். போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் பந்திக்குப் போய்விட்டதால் ஆல்பத்தில் அவர் பாடுகிற படமே இல்லை. மனுஷனுக்கு மனசு விட்டுப் போயிற்று. "வீடியோவுல எம் பாட்டு முழுசா இல்லைன்னா, மருமக இனிப் பொறந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்க்க வருவதாகத் தகவல்.

சனிக்கிழமை காலை, சுடலையின் டிராயரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கைலாசம் வச்சிட்டுப் போன புதுசு ஒண்ணு இருக்குல்லா, அதைச் சொருகிருவோம்" என்றான் ஆவுடை.

குற்றாலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அவனுக்குப் புதுசு, எனக்கு மட்டும் பழசா? நல்லாருக்குண்ணே உங்க நியாயம்!"

"எனக்கும் மனசு கேக்கல" என்றான் சுடலை. "இன்னும் மூணு வாங்கிருவோம்."

இசக்கிக்குத்தான் சந்தேகம். "ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு சொல்லிருக்கானே?"

"ஆளுக்கொரு நேரம்ல. சுடலைக்கு மூணு மணி, எனக்கு மூணே கால், குத்தாலத்துக்கு மூணரை, உனக்கு மூணே முக்கால்" என்றான் ஆவுடை.

"சொருகினதை அசைக்கக் கூடாதுன்னானே?"

"புதுசை எவம்ல அசைக்கா? பழசைத்தான உருவுதோம்!"

இசக்கி யோசித்துப் பார்த்தான். எந்தப் பேச்சையும் மீறவில்லை. நாலு மணிக்கு நாலு டிராயரிலும் பச்சை விளக்கு. உருவிய பழசில் தூசி இருந்ததால் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, மொட்டை மாடியில் காயப் போட்டார்கள்.

மறுநாள் காலை வீடியோவைப் பார்க்க டிவியைப் போட்டால் ஒன்றுமே இல்லை. கைலாசத்துக்குப் போன் போட்டார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்கள்.

"நாலும் புதுசுன்னா எது எதுக்குண்ணே சொல்லிக் கொடுக்கும்?" என்றான் அவன். "பழசையாவது திருப்பிச் சொருகுங்க."

"இன்னும் ஈரம் காயலைப்பா."

போன் கட்டாகிவிட்டது. வாசலில் கார் வந்து நின்றது.

உள்ளே வந்த பிரமு அண்ணன்மார் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "இனி நான் இங்க வரவே முடியாதாண்ணே?" என்று பொலபொலவென்று அழுதாள். தங்கச்சி அழுது பார்க்க முடியாதவன் ஆவுடை.

"அழாத பிரமு. அந்தப் பாட்டைக் கேட்ட பழசு நாங்க நாலு பேரு இருக்கம்லா!"

நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூதலிங்கம் ஒன்றும் புரியாமல் எதிரே நின்றார்.

"தென்னை மரத்துல தேங்காய் நாலு" என்று ஆரம்பித்தான் ஆவுடை.

"எங்க வீட்டுல மருமக ஒண்ணு" என்றான் குற்றாலம்.

"தேங்காய் ஒடைஞ்சா சட்டினி ஆகும்" என்றான் சுடலை.

இசக்கி வாயைத் திறந்தான். வரவில்லை. போட்டோக்காரரோடு பந்திக்குப் போனவன் அவன்தான். வெட்கத்தில் முகம் சிவந்தது.

"சிவப்பு! சிவப்பு!" என்று கத்தினான் ஆவுடை. "பாட்டை நிறுத்தாதீங்கல!"

மற்ற இருவரும் பாடிக்கொண்டே இசக்கியை உருவிப் போட்டார்கள். பாடிக்கொண்டே சம்பந்தியைப் பிடித்து அந்த நாற்காலியில் சொருகினார்கள்.

"மருமக சிரிச்சா மச்சும் ஒளிரும்!" என்று தானாகவே வந்து விழுந்தது அவர் வாயிலிருந்து. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. இருபத்திரண்டு நிமிஷமும் பாடித் தீர்த்தார். மூன்று பேரும் பின்பாட்டுப் பாடினார்கள். மனுஷன் கண்ணில் தண்ணீர்.

"எம் பாட்டை இப்படி மனசுல வச்சிருக்கேளே! வீடியோ யாருக்கு வேணும்? பிரமு, நீ மாசாமாசம் இங்க வந்து போம்மா."

பிரமு அழுதபடியே சிரித்தாள். பூதலிங்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மாமா, அசையாதீங்க!" மூன்று பேரும் பாய்ந்து அவர் தோளை அமுக்கினார்கள்.

"ஏம்ப்பா? சாப்பிட வேண்டாமா?"

"நாலரை மணிக்கு மேலதான் மாமா. இப்பத்தான சொருகிருக்கோம்."

அவர் பாவமாகச் சுற்றிலும் பார்த்தார். "சரிப்பா, அந்தக் கடைசித் தம்பியை எங்க காணோம்?"

இசக்கியை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. உருவினதும் அவனாகவே கிணற்றடிக்குப் போய், உச்சி முதல் உள்ளங்கால் வரை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, மொட்டை மாடியில் அந்த நாலு டிஸ்க்குக்கும் பக்கத்தில் மல்லாந்து படுத்துக் காய்ந்துகொண்டிருந்தான்.